ஆறு நொடி மூச்சு

ஐந்து நாற்பதுக்கு எழுந்தேன். பாலை அடுப்பில் வைத்தேன். பல் தேய்த்தேன். பால் பொங்குவதற்குள் வந்து அணைத்தேன். இரண்டு கப் டீ போட்டேன், ஒன்று பால் இல்லாமல். இரண்டு சட்டைகளுக்கு இஸ்திரி போட்டேன். குப்பைப் பையைக் கீழே கொண்டுபோய்ப் போட்டேன். வரும்போது செய்தித்தாளை எடுத்துவந்து, குறுக்கெழுத்து மேலே தெரியும்படி மடித்து மேசையில் வைத்தேன். மணி ஆறு இருபது.

ஆறு இருபத்தொன்றுக்குக் குளியலறையில் மாமா ஊத ஆரம்பித்தார்.

வாளியில் தண்ணீர் நிரப்பி, அதில் ஒரு ரப்பர் குழாயை விட்டு, மறுமுனையில் வாயை வைத்து ஊதுவது அவருடைய பயிற்சி. யாரும் சொல்லித் தரவில்லை. அவரே கண்டுபிடித்தது. பத்து நாளாக நடக்கிறது. தண்ணீர்க் குழாயில் காற்று அடைத்துக்கொண்டிருக்கிறது என்று நினைத்து, கீழ் வீட்டுக்காரர் போன வாரம் பிளம்பரைக் கூட்டிவந்தார். பிளம்பர் எங்கள் குளியலறைச் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிப் போனார். மாமா அவருக்கு டீ கொடுத்தார். உண்மையைச் சொல்லவில்லை.

"மாப்ளே, எண்ணுங்க!" உள்ளேயிருந்து கத்தினார்.

கதவுக்கு வெளியே நின்று எண்ணினேன். ஒன்று. குமிழிச் சத்தம் நின்றுவிட்டது.

"எவ்வளவு?"

"ஒண்ணு, மாமா."

"ஒண்ணா? நீங்க ரொம்ப மெதுவா எண்றீங்க."

"கடிகாரத்தைப் பாத்துதான் எண்றேன்."

"அந்தக் கடிகாரத்துக்கு பேட்டரி மாத்துங்க."

மாமா என்றால் என் மனைவியின் அப்பா. அவள் இறந்து ஏழு மாதம் ஆகிறது. ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், வேலை செய்யும் இடத்தில், அவள் மூளையில் ஒரு ரத்தக்குழாய் வெடித்தது. நான் போய்ச் சேர்ந்தபோது பேச்சு நின்றிருந்தது. மாலையில் மற்றதும் நின்றது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் மாமா என் கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசியா என்ன சொன்னா மாப்ளே?" என்று கேட்டார்.

"அப்பாவைப் பாத்துக்கோங்கன்னு சொன்னா" என்றேன்.

அது பொய். அவள் அப்படி எதுவும் சொல்லவில்லை. அந்த நேரத்தில் வேறு எதைச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவது வாரம் ஒரு பெட்டியும் ஒரு மடக்குக் கட்டிலுமாக வந்து வாசலில் நின்றார். "அவ சொல்லிட்டுப் போயிட்டா. நான் தட்ட முடியுமா?" என்றார். அன்றிலிருந்து அவரைப் பார்த்துக்கொள்கிறேன். சமைப்பது அவர். துணி மடிப்பது அவர். என் சட்டையில் அறுந்த பட்டனைத் தைப்பதும் அவர்தான்.

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு மத்தியானம் வலது விலாவுக்குக் கீழே கையை அழுத்திக்கொண்டு குளியலறைத் தரையில் படுத்துவிட்டார். ஸ்கேன் எடுத்தார்கள். பித்தப்பையில் மூன்று கற்கள்.

"மூணா? எடுத்து என்கிட்டயே குடுத்துடுங்க. அடுப்பு கூட்டிக்கறேன்" என்று ஸ்கேன் எடுத்தவரிடம் சொன்னார். அவர் சிரித்ததில் கை ஆடி, இன்னொரு தடவை எடுக்க வேண்டியதாயிற்று.

அடுத்த மாதம் மறுபடி வலி வந்தது. இந்த முறை கண் மஞ்சளாகிவிட்டது. அறுவை மருத்துவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இன்னொரு தடவை கல் இறங்கிக் கணையத்தைப் பிடிச்சுதுன்னா உயிருக்கே ஆபத்து" என்றார். வியாழக்கிழமைக்கு நாள் குறித்தார். அவர் சனிக்கிழமை ஆறு மாதப் பயிற்சிக்காக வெளிநாடு போகிறார். வியாழன் விட்டால் வேறு ஊர், வேறு மருத்துவமனை, வேறு வரிசை.

குறுக்கே நின்றவர் மயக்க மருந்து டாக்டர் அம்மா. மாமா முப்பது வருஷம் சிகரெட் பிடித்தவர். விட்டுப் பத்து வருஷமாகிறது. ஆனாலும் நுரையீரல் எவ்வளவு தாங்கும் என்று தெரியாமல் மயக்கம் கொடுக்க முடியாது என்றார். ஒரு கருவியில் ஊதிக் காட்ட வேண்டும். மூச்சை முழுக்க இழுத்து, ஒரே வேகத்தில் வெளியே தள்ளி, ஆறு நொடி நிற்காமல் ஊத வேண்டும். அப்படி இரண்டு முறை, ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும்படி. மாமா இரண்டு நாள் போய் ஊதினார். இரண்டு நாளும் ஒன்றரை நொடியைத் தாண்டவில்லை.

இன்று மூன்றாவது தடவை. இன்று திங்கட்கிழமை. "இன்னிக்கும் வரலேன்னா வியாழக்கிழமை பட்டியல்ல பேரை அடிச்சுடுவேன். கோவிச்சுக்காதீங்க" என்று டாக்டர் அம்மா தெளிவாகச் சொல்லியிருந்தார்.

அந்த ஊதும் அறை என் மனைவியின் அறை. பதினோரு வருஷம் அங்கே டெக்னீஷியனாக இருந்தாள். நோயாளிகள் அவளை ஊதக்கா என்று கூப்பிடுவார்கள். பெயர் தெரிந்தவர்களும் அப்படித்தான். அவள் சத்தம் இரண்டு மாடி தாண்டிக் கேட்கும். "இழு இழு இழு, இன்னும் இழு, ஊது! ஊது ஊது ஊது, விடாதே, விடாதே, விடாதே!" கீழே மருந்து வாங்க வந்தவர்கள் பிரசவ வார்டு எந்தப் பக்கம் என்று மேலே பார்ப்பார்களாம்.

அந்த ஆறு நொடிக்கு மரியாதை கிடையாது என்பது அவள் சட்டம். நீதிபதி ஒருவர் வந்தார். அவரையும் "ஊதுய்யா!" என்றாள். ஏழாவது நொடியில், "உக்காருங்க ஐயா, தண்ணி வேணுமா?" என்றாள்.

என்னையும் அங்கேதான் முதலில் பார்த்தாள். கல்லூரியில் வேலைக்குச் சேர உடல் தகுதிச் சான்று வேண்டும் என்று போயிருந்தேன். விலங்கியல் பாடம். நான் கன்னத்தை உப்பிக்கொண்டு ஊதினேன்.

"என்ன, தவளை மாதிரி ஊதறீங்க?"

"தவளை ஊதாது. விழுங்கும்" என்றேன். "அதுக்கு உதரவிதானம் கிடையாது. வாயில காத்தைப் பிடிச்சு நுரையீரலுக்குள்ள தள்ளும்."

அவள் கருவியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "வேற என்னென்ன தெரியும்?" என்றாள்.

எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். முடிக்க ஒரு வருஷம் ஆயிற்று. அதற்குள் கல்யாணம் ஆகிவிட்டது.

வீட்டில் சண்டை என்றால் நுரையீரல் சண்டைதான். அவள் மனிதக் கட்சி, நான் மிருகக் கட்சி.

"மனுஷனுக்கு முப்பது கோடிக்கு மேல காற்றுச் சிற்றறை இருக்கு, வாத்தியாரே. விரிச்சா ஒரு வீட்டுத் தரை பூரா போர்த்தலாம்."

"இருந்து என்ன? போன வழியிலேயே காத்து திரும்பி வரணும். பறவையைப் பாரு. நுரையீரல் விரியறதே இல்ல. ஒன்பது காற்றுப்பை. காத்து ஒரே திசையில ஓடும். இமயமலை மேலயே பறக்குது."

"அப்ப ஒரு புறாவைக் கட்டியிருக்க வேண்டியதுதானே."

"கேட்டேன். புறா வீட்டுல ஒத்துக்கல."

அவள் இதையெல்லாம் வேலைக்குக் கொண்டுபோனாள். ஒவ்வொருவர் ஊதும் விதத்தைப் பார்த்து, பதிவேட்டின் ஓரத்தில் பென்சிலால் ஒரு விலங்கின் பெயரை எழுதிவைப்பாள். கன்னத்தில் காற்றை அடைத்துத் தவணை முறையில் ஊதுபவர் தவளை. வேகமே இல்லாமல் நீளமாகச் சீறுபவர் பாம்பு. நெஞ்சை அசைக்கப் பயப்படுபவர் ஆமை. ஓட்டோடு விலா ஒட்டிக்கொண்டதால் ஆமைக்கு நெஞ்சை விரிக்க வழியில்லை. ஒரே மூச்சில் உள்ளே இருப்பதையெல்லாம் காலி செய்பவர் திமிங்கிலம். அடுத்த தடவை அவர்கள் வரும்போது எப்படிச் சொல்லி ஊதவைப்பது என்பதற்கு அது குறிப்பு.

அவளுக்குப் பிறகு வந்த டெக்னீஷியனுக்கு இது தெரியாது. இன்று ஒன்பதரைக்கு நாங்கள் போனதும் முதலில் அதைத்தான் கேட்டார். இளம் பெண், மென்மையான குரல். எதையும் மன்னிப்புக் கேட்பதுபோல்தான் சொல்வார்.

"சார், ஒரு சந்தேகம். பதிவேட்டுல ஆமை, தவளைன்னெல்லாம் இருக்கு. நான் அவங்களோட செல்லப் பேருன்னு நினைச்சுட்டேன்."

"நினைச்சுட்டு?"

"வெளிய வந்து கூப்பிட்டுட்டேன் சார். ஆமை யாருங்க, உள்ள வாங்கன்னு." அவர் முகம் சிவந்தது. "ஒரு அம்மா எழுந்திரிச்சாங்க. அவங்க வீட்டுக்காரரைப் பாத்து, வீட்டுக்குள்ள சொல்றதை ஆஸ்பத்திரி வரைக்கும் கொண்டுவந்துட்டீங்களான்னு ஒரே சண்டை."

மாமா பெஞ்சில் உட்கார்ந்தபடி விலாவைப் பிடித்துக்கொண்டார். "சிரிக்க வைக்காதீங்கம்மா. கல்லு உருளுது." பிறகு கேட்டார், "எனக்கு என்ன போட்டிருக்கு?"

"உங்களுக்கு நான்தானேங்க ஐயா எடுத்தேன். எனக்கு எழுதத் தெரியாது."

"எழுதுங்க. சிங்கம்னு எழுதுங்க."

அறை மாறவில்லை. கருவி, திரை, கைப்பிடி வைத்த நாற்காலி, அட்டைக் குழல்கள் நிறைந்த டப்பா. சுவரில் நுரையீரல் படம். வலப்பக்கம் மூன்று மடல், இடப்பக்கம் இரண்டு. இடது பக்கம் ஏன் ஒன்று குறைவு என்று கேட்பவர்களிடம் அவள், "இதயத்துக்கு இடம் விட்டிருக்கு. பெரிய மனசு" என்பாள்.

நான் சுவரோரம் நின்றேன். டெக்னீஷியன் மாமாவின் மூக்கில் கவ்வியை மாட்டினார். ஒரு நாளில் எட்டு முறைக்கு மேல் ஊதவிட மாட்டார்கள். தலைசுற்றும்.

"கொஞ்சம் நல்லா மூச்சை இழுத்து, ஊதறீங்களா ஐயா?"

மாமா ஊதினார். ஒன்றரை நொடி.

"இன்னும் கொஞ்சம் நேரம் ஊதினா நல்லா இருக்கும் ஐயா."

ஒன்று புள்ளி நான்கு. அடுத்தது ஒன்று புள்ளி மூன்று. நான்காவதில் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூக்கில் கவ்வியோடு சிரித்ததால் வாத்துச் சத்தம் வந்தது. டெக்னீஷியனும் சிரித்துவிட்டார். ஐந்தாவது மறுபடி ஒன்றரை.

டாக்டர் அம்மா கதவில் தலையை நீட்டினார். "என்னாச்சு?"

"இன்னும் மூணு இருக்குங்க மேடம்."

"பத்தே முக்காலுக்கு நான் பட்டியலை அனுப்பணும்." போய்விட்டார். மணி பத்து இருபது.

அப்போதுதான் திரையைப் பார்த்தேன். முன் இரண்டு நாளும் நான் வெளியே உட்கார்ந்திருந்தேன். அந்த அறைக்குள் வரப் பிடிக்கவில்லை. ஊதுவதைக் கருவி வரையும் கோடுகளை வருஷக்கணக்காக அவளோடு சாப்பாட்டு மேசையில் பார்த்தவன் நான். சிகரெட் தின்ற நுரையீரலின் கோடு உச்சிக்குப் போய், குழிந்து, மெதுவாகச் சரிந்து வரும். இறுகிப்போன நுரையீரலின் கோடு சின்ன மலையாக இருக்கும். மாமாவின் கோடு செங்குத்தாக ஏறியிருந்தது, நல்ல உயரத்துக்கு. பாதியில் சுவர்போல் விழுந்திருந்தது. சிரித்ததைத் தவிர மற்ற நான்கு கோடும் அப்படியே. எந்த நுரையீரலும் சுவர்போல் நிற்காது. யாரோ கதவைச் சாத்துகிறார்கள்.

"மாமா, விசில் எப்படி ஊதுவீங்க?"

மாமா இருபத்தெட்டு வருஷம் கால்பந்து ரெஃபரி. மாவட்டப் பந்தயங்கள் எல்லாம் அவர் விசிலில்தான் நடந்தன. கேட்டதும் அவர் முகம் தெளிந்தது. விசில் இல்லாமலே ஊதிக் காட்டினார். "துர்ர்ட்!"

"இன்னொரு தடவை. இப்ப நாக்கு எங்க போகுதுன்னு பாருங்க."

"துர்ர்ட்." யோசித்தார். "மேல போகுது. பல்லுக்குப் பின்னாடி."

"அதான். காத்தை நாக்கால வெட்டறீங்க. இருபத்தெட்டு வருஷப் பழக்கம்."

"வெட்டாம ஊதினா அது விசில் இல்ல மாப்ளே, பால் குக்கர்."

டெக்னீஷியன் சங்கடமாக, "நாக்கு குழலை அடைக்கக் கூடாதுன்னு நான் சொன்னேன் சார்" என்றார்.

"அவர் அடைக்கல. அடைச்சா ஆரம்பமே இருக்காது. நல்லா ஆரம்பிச்சு, ஃபவுல் குடுத்து முடிச்சுடறார்."

ஒரு புதிய அட்டைக் குழலை எடுத்து, நாக்கின் மேல் அழுத்தி உட்காரும்படி உள்ளே தள்ளி வைத்துக்கொள்ளச் சொன்னேன். மாமா அதை வாங்கவில்லை. மூக்குக் கவ்வியைக் கழற்றி மடியில் வைத்தார்.

"போதும் மாப்ளே. தலை சுத்துது. வீட்டுக்குப் போலாம். கல்லு பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும்."

"மூணு தடவை பாக்கி இருக்கு."

"மூணு கல்லு, மூணு தடவை. கணக்கு சரியாப் போச்சு."

"மாமா."

"சரி. ஒண்ணு கேக்கறேன். உண்மையைச் சொன்னா ஊதறேன்." என்னை நேராகப் பார்த்தார். "அவ கடைசியா என்ன சொன்னா?"

டெக்னீஷியன் ஒரு துணியை எடுத்துக் கீபோர்டைத் துடைக்க ஆரம்பித்தார்.

"சொன்னேனே மாமா."

"அது நீங்க சொன்னது. அப்பாவைப் பாத்துக்கோங்களாம்! என் பொண்ணு வாய்ல அப்படி ஒரு வசனம் வருமா? எங்கப்பா ஊரையே பாத்துக்குவாரு, அவரைத் தடுக்கத்தான் ஆளு வேணும்னு எங்கிட்டயே சொல்றவ அவ."

"அப்பவே தெரியுமா?"

"நீங்க சொல்லி முடிக்கறதுக்குள்ள தெரியும். கோட்டுக்கு அந்தப் பக்கம் விழுந்த பந்தை உள்ளதான் விழுந்துதுன்னு சொல்றவன் மூஞ்சியை நான் எத்தனை பாத்திருப்பேன்?"

"அப்புறம் ஏன் கட்டிலைத் தூக்கிட்டு வந்தீங்க?"

"பொய் சொல்லத் தெரியாத ஆளு. எனக்காக ஒண்ணு சொன்னீங்க. அதுக்கு ஒரு மரியாதை வேணாமா? அதோட, உங்க வீட்டு வாசல்ல அன்னிக்கு எட்டு பால் பாக்கெட் கிடந்துச்சு. எடுக்கவே இல்ல."

எட்டா என்று எனக்கு ஞாபகம் இல்லை. இருக்கலாம்.

"ஊதுங்க. சொல்றேன்" என்றேன்.

"ரெஃபரிகிட்டயே பேரமா? மஞ்சள் அட்டை காட்டிடுவேன்."

"மஞ்சளைத்தான் போன மாசம் கண்ணுல காட்டிட்டீங்களே."

அவர் சிரித்து, விலாவைப் பிடித்துக்கொண்டு, கவ்வியை எடுத்து மூக்கில் மாட்டி, புதுக் குழலை வாங்கி நாக்கின் மேல் வைத்துக்கொண்டார்.

நான் சுவரைவிட்டு வந்து அவருக்கு இடப்பக்கம் நின்றேன். அவள் நிற்கும் இடம். திரையும் தெரியும், ஊதுபவரின் தோளும் தெரியும். தோள் மேலே ஏறுவது நின்றால் மூச்சு நிறைந்துவிட்டது என்று அர்த்தம். அவர் முதுகில் கை வைத்தேன். ஏழு மாதமாக நான் யாரிடமும் குரலை உயர்த்தவில்லை. வகுப்பில்கூடக் கடைசி வரிசைக்குக் கேட்கவில்லை என்று மாணவர்கள் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

"இழுங்க. இழுங்க, இழுங்க, இன்னும் இழுங்க. ஊதுங்க! ஊதுங்க ஊதுங்க ஊதுங்க!"

மூன்றாவது நொடியில் மாமா வாயிலிருந்து குழலை எடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"யாரு அது கத்தறது?"

"நான்தான்."

"நீங்களா?" டெக்னீஷியனைப் பார்த்தார். "இவருக்குக் குரல் இருக்குங்கறதே எனக்குத் தெரியாதும்மா."

ஆறாவது முறையும் வீணானது. இரண்டு பாக்கி. இரண்டும் சரியாக வர வேண்டும்.

"திரும்பாதீங்க மாமா. என்ன சத்தம் கேட்டாலும் நேரா பாருங்க."

"கூரையே விழுந்தாலும்?"

"விழுந்தா ஊதி முடிச்சுட்டுப் பாக்கலாம்."

ஏழாவது. அவர் தோள் ஏறியது. காதுவரை ஏறி நின்றது. "ஊதுங்க!" என்றேன். காற்று போகும் சத்தம் கேட்டது. கோடு ஏறியது. விழவில்லை. சரிய ஆரம்பித்தது. ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவது நொடியில் அவர் கழுத்து நரம்பு புடைத்தது, நாக்கு அசைவது கன்னத்தில் தெரிந்தது. "ஊதுங்க" என்ற சொல்லைச் சொல்லி முடிக்க நேரம் போதவில்லை.

"ஊது! ஊது ஊது ஊது! விடாதே! விடாதேய்யா! விடாதே!"

ஆறு புள்ளி இரண்டு.

மாமா குழலை எடுத்தார். முகம் தக்காளி மாதிரி இருந்தது. கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "விடாதேய்யாவா?" என்றார்.

"மன்னிச்சுக்கோங்க மாமா. உக்காருங்க. தண்ணி வேணுமா?"

"நான் உக்காந்துதான் இருக்கேன்."

டெக்னீஷியன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "சார், இது நல்ல நுரையீரல் சார்" என்றார். மெதுவாகச் சொல்லவில்லை. அவருக்கே அது வியப்பாக இருந்திருக்க வேண்டும். வாயைப் பொத்திக்கொண்டார்.

ஐந்து நிமிடம் ஓய்வு கொடுத்தோம். மாமா தண்ணீர் குடித்தார். மணி பத்து முப்பத்தெட்டு.

"எட்டாவது நீங்க சொல்றீங்களா?" என்று டெக்னீஷியனைக் கேட்டேன். "எனக்குத் தொண்டை போயிடுச்சு."

"நானா? ஐயாவை எப்படி சார் வா போன்னு?"

"சொல்லும்மா" என்றார் மாமா. "மாப்ளையே சொல்லிட்டாரு. இனிமே யாரு வேணா சொல்லலாம்."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். இரண்டு கையையும் இறுக்கிக்கொண்டார். "இழு, இழு, இழு" என்று ஆரம்பித்தபோது வழக்கமான குரல்தான். "ஊது" என்றபோது வேறு யாரோ பேசியதுபோல் இருந்தது. நானும் கம்மிப்போன குரலில் சேர்ந்துகொண்டேன். இரண்டு பேரும் கத்தினோம். வெளியே பெஞ்சில் யாரோ எழுந்து நிற்கும் சத்தம் கேட்டது. கோடு முந்தைய கோட்டின் மேலேயே ஏறி, அதன் மேலேயே சரிந்தது. இரண்டுக்கும் நடுவில் ஒரு முடி நுழையாது.

ஆறு புள்ளி நான்கு.

கதவில் டாக்டர் அம்மா நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் நாலைந்து பேர். அவர் உள்ளே வந்து எண்களைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"இந்த நுரையீரலைப் பாத்தா நான் பயந்தேன்?" என்றார். "வியாழக்கிழமை காலையில ஆறு மணிக்கு வெறும் வயித்தோட வந்துடுங்க. முதல் ஆள் நீங்கதான்."

"கல்லை என்கிட்ட குடுத்துடுவீங்கல்ல?"

"டப்பால போட்டுத் தர்றோம்."

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தோம். மாமா கால்களை நீட்டிக்கொண்டார். மூக்கில் கவ்வி பிடித்த இடம் சிவந்திருந்தது. உள்ளே அடுத்தவருக்கு, "இழு இழு இழு" என்று கேட்டது. கொஞ்சம் நடுங்கியது. ஆனால் கேட்டது.

"ம்" என்றார் மாமா. "என் பங்கு முடிஞ்சது."

நான் சொன்னேன். அந்தச் செவ்வாய்க்கிழமை எனக்கு முதலாம் ஆண்டு வகுப்பு. நுரையீரல் பாடம். காலையில் கறிக்கடையிலிருந்து ஓர் ஆட்டு நுரையீரலை மூச்சுக்குழாயோடு வாங்கி வந்திருந்தேன். சைக்கிள் பம்பால் காற்றடித்து விரித்துக் காட்டலாம் என்று. அதைக் கழுவி, மூடி போட்ட எவர்சில்வர் டப்பா ஒன்றில் வைத்தேன். அவள் சாப்பாடும் அதே மாதிரி டப்பாவில்தான். இரண்டும் சமையலறை மேடையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. அவளுக்கு நேரமாகிவிட்டது. கையில் வந்ததை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

"ஐயையோ" என்றார் மாமா.

"பன்னெண்டு மணிக்கு நாப்பது பசங்க முன்னாடி நான் டப்பாவைத் திறந்தேன். கையில உறை மாட்டிட்டு, கத்தியும் எடுத்துட்டேன். உள்ள சோறும் முட்டைப் பொரியலும்."

மாமா இரண்டு கையாலும் விலாவைப் பிடித்துக்கொண்டார். சத்தம் வராமல் குலுங்கினார். கண்ணில் தண்ணீர் வந்தது. துடைக்கவில்லை.

"அவளும் அங்க திறந்திருக்கா. உடனே எனக்கு ஃபோன். ரொம்ப நேரம் பேசவே இல்ல, சிரிச்சுக்கிட்டே இருந்தா. எனக்குப் பின்னாடி பசங்களும் சிரிச்சுக்கிட்டு இருந்தாங்க. அப்புறம் ஒண்ணு சொல்லிட்டு வச்சுட்டா. அதுக்கு முக்கால் மணி நேரம் கழிச்சுதான் இங்கேருந்து கூப்பிட்டாங்க."

"என்ன சொன்னா?"

"வாத்தியாரே, பசங்க முன்னாடி என் சோத்துக்குக் காத்தடிச்சுடாதீங்க. அப்படியே மூடி வைங்க, நான் வந்து சாப்பிட்டுக்கறேன்."